பரங்கி உருண்டையும் புரதக் கணக்கும்

சேலையின் கரையும் முந்தானையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதை நமது நெசவாள அங்கத்தினர்கள் நன்கு அறிவர். நேற்று விரும்பி வாங்கப்பட்ட நிறம் இன்று கிடங்கிலே தேங்கிவிடுகிறது. உணவிலும் இத்தகைய மோகங்கள் உண்டு. ஒரு காலத்தில் வைட்டமின் என்ற சொல்லே எல்லாப் புட்டிகளின் மீதும் காணப்பட்டது. இன்று அந்த இடத்தைப் புரதம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரொட்டியில் புரதம், மோரில் புரதம், பிஸ்கட்டில் புரதம் என்று கடைகளில் எங்கு நோக்கினும் அச்சொல்லே கண்ணில் படுகிறது. அமெரிக்க நாட்டு இல்லங்களிலிருந்து புறப்பட்டு, நமது நெசவூர்களின் அடுக்களைகள் வரை இப்போது வந்து சேர்ந்திருக்கும் ஒரு பண்டம், பரங்கி விழுதும் புரதமும் சேர்த்து, எண்ணெயில் பொரிக்காமல் ஏர் ஃப்ரையர் என்னும் சாதனத்தில் சுட்டெடுக்கும் டோனட் உருண்டையாகும்.

இதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கவில்லை. இப்பண்டத்தின் நன்மை பரங்கியில் ஒரு பங்கும், பருப்பில் மூன்று பங்குமாக இருக்கிறது. இயந்திரத்தில் இருப்பது மிகச் சொற்பமே என்பது நமது கருத்து. இதனை உணராமல் பெயரை மட்டும் நம்பிப் பணம் செலவிடுவோர், பணத்தோடு உடல் நலத்தையும் இழக்க நேரும்.

டோனட் வந்த வழி

டோனட் என்பது இனிப்பு மாவை வளையமாக்கி எண்ணெயில் பொரித்த பண்டம். டச்சுக் குடியேற்றக்காரர்கள் எண்ணெய்ப் பணியாரம் என்னும் பொருள்படும் பெயரில் இதன் முன்னோடியை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். அதன் நடுப்பகுதி வேகாமல் போவதைக் கண்டு, 1847 ஆம் ஆண்டில் ஹான்சன் கிரிகரி என்ற கப்பல் மாலுமி அதில் துளையிட்டார் என்பது அங்கே வழங்கும் வரலாறு. முதல் உலகப் போரின்போது, 1917 இல், சால்வேஷன் ஆர்மியைச் சேர்ந்த பெண்கள் பிரான்ஸ் நாட்டுப் போர்முனையில் சிப்பாய்களுக்கு டோனட் பொரித்துக் கொடுத்தனர். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களோடு அப்பண்டத்தின் புகழும் பெருகிற்று.

வளையத்தின் நடுவிலிருந்து வெட்டி எடுக்கப்படும் சிறு துண்டே உருண்டை. வீணாகும் மாவை விற்பனைப் பொருளாக்கும் வணிகர்களின் சாமர்த்தியத்தால், 1970களில் அமெரிக்காவில் டங்கின் நிறுவனமும், 1976 இல் கனடாவில் டிம் ஹார்ட்டன்ஸ் நிறுவனமும் இவ்வுருண்டைகளைத் தனிப் பண்டமாக விற்கத் தொடங்கின. கழிவென்று கருதப்படுவதிலும் மதிப்பு உண்டு என்ற இப்பாடத்தைப் பின்னர் மீண்டும் நினைவுகூருவோம்.

குறை எங்கே என்றால் எண்ணெயில் இருக்கிறது. கடையில் விற்கும் சாதாரண டோனட்டின் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் கொழுப்பே. அதன்மேல் சர்க்கரைப் பூச்சும் சேர்கிறது. மாவோ வெறும் மைதா. வயிறு நிரம்பும், உடலுக்கு வேண்டியது கிடைக்காது. இக்குறையைப் போக்க வேண்டுமென்ற எண்ணத்தினின்றே புதிய உருண்டை பிறந்தது.

பரங்கி நமக்கு அந்நியமன்று

பரங்கிக்காய் என்றும், மஞ்சள் பூசணி என்றும், கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்றும் நாம் அழைக்கும் காய் அமெரிக்கக் கண்டத்திலே தோன்றியது. கடல் கடந்து வந்து நமது தோட்டங்களில் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் டப்பாவில் அடைத்து விற்கப்படும் பரங்கி விழுதின் பெரும்பங்கு இல்லினாய் மாகாணத்தில் மார்ட்டன் என்ற ஊரைச் சுற்றிலும் விளையும் டிக்கின்சன் என்னும் வகையிலிருந்து தயாராகிறது. அவ்வகையும் நமது பரங்கியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே அங்குள்ளவர்கள் டப்பாவைத் திறந்து எடுப்பதை, நாம் தோட்டத்திலிருந்தோ சந்தையிலிருந்தோ புதிதாகவே பெறலாம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 பெரிய காய்களையும், கோ 2 சிறிய காய்களையும் தருவன. சிறு குடும்பத்துக்குச் சிறிய காயே ஏற்றது.

மார்ட்டனின் அனுபவத்தில் விவசாயிகளுக்கு ஒரு பாடமும் உண்டு. 2009 இல் அறுவடைக் காலத்தில் பெய்த பெருமழையால் அப்பகுதி வயல்கள் சேறாகிக் காய்கள் வீணாயின. ஒரே வட்டாரத்தை நம்பியிருந்தமையால் நாடு முழுவதிலும் பரங்கி விழுதுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. நம் நாட்டிலோ இக்காய் பல மாவட்டங்களில் பரவி விளைகிறது. முற்றிய காயை நிழலில் காற்றோட்டமாக வைத்தால் பல வாரங்கள் கெடாமலும் இருக்கும். இது நமக்குள்ள வசதி.

பரங்கியில் என்ன இருக்கிறது? நூறு கிராம் பச்சைக் காயில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர். கண் பார்வைக்கும் நோய் எதிர்ப்புக்கும் உதவும் வைட்டமின் ஏ சத்தாக மாறக்கூடிய மஞ்சள் நிறப்பொருள் அதில் நிறைய உண்டு. புரதமோ ஏறக்குறைய 1 கிராமே. ஆதலால் புரதம் மிகுந்த பரங்கி உருண்டை என்று ஒருவர் கூறினால், அப்புரதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நமது கடமை.

புரதம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்க இல்லங்களில் இதற்கு இரண்டு வழிகளைக் கையாளுகின்றனர். ஒன்று, கெட்டித் தயிர். மற்றொன்று, பாலாடைக்கட்டி செய்தபின் எஞ்சும் தெளிநீரிலிருந்து எடுக்கும் வே புரதத் தூள். ஒரு காலத்தில் அத்தெளிநீரைப் பாலாடைக்கட்டித் தொழிற்சாலைகள் கழிவாகக் கருதிக் கொட்டிவந்தன. அதனால் ஆறுகள் கெட்டன. இன்று அதுவே விலையுயர்ந்த பொருள். குஜராத் பால் கூட்டுறவினரின் அமுல் நிறுவனமும் வே புரதத் தூளை விற்பனை செய்கிறது. கழிவு காசாகிறது என்ற பாடம் இங்கும் மெய்யாகிறது.

எனினும் நமது அங்கத்தினர்களுக்கு அத்தூள் அவசியமென்று நாம் கருதவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடற்கட்டை வளர்ப்பதற்காகப் புரதத் தூள்களை நாடுவதைத் தவிர்க்குமாறு கூறியிருக்கின்றன. அதே நிறுவனங்களின் 2020 ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 65 கிலோ எடையுள்ள ஆடவருக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதமும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 46 கிராமும் போதும். பருப்பு, பால், முட்டை, நிலக்கடலை ஆகியவற்றிலிருந்தே இதனைப் பெற்றுவிடலாம்.

நமது அடுக்களையில் உள்ள பொட்டுக்கடலையில் நூறு கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. நிலக்கடலையில் சுமார் 25 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். கோதுமையில் குறைவாக உள்ள ஒரு புரதக்கூறு பருப்பில் மிகுதியாகவும், பருப்பில் குறைவாக உள்ளது கோதுமையில் போதிய அளவிலும் இருப்பதால், இரண்டையும் சேர்த்து உண்பது தனித்தனியே உண்பதினும் பயன் தரும். இட்லியில் அரிசியையும் உளுந்தையும் சேர்த்த நம் முன்னோர் இந்நன்மையை அனுபவத்தால் பெற்றிருந்தனர்.

பரங்கி விதையையும் மறத்தலாகாது. உமி நீக்கிய விதையில் நூறு கிராமுக்கு 30 கிராம் அளவில் புரதம் இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஸ்டிரியா மாகாணத்தில் கடின ஓடில்லாத விதை தரும் பூசணியைப் பயிரிட்டு எண்ணெய் எடுக்கிறார்கள். அவ்வெண்ணெய்க்கு 1996 முதல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பும் உண்டு. நமது காயின் விதைக்கு ஓடு உண்டாகையால் உடைப்பது சிரமமே. ஆயினும் குப்பைக்குப் போகும் விதையைக் கழுவி, உலர்த்தி, வறுத்து, ஓய்ந்த நேரத்தில் உடைத்து வைத்துக்கொள்ளும் வீட்டுக்குச் செலவில்லாமல் புரதம் கிடைக்கிறது.

இயந்திரம் செய்வது என்ன?

பிலிப்ஸ் நிறுவனம் 2010 இல் பெர்லின் கண்காட்சியில் ஏர் ஃப்ரையரை அறிமுகம் செய்தது. பெயரில் பொரித்தல் இருப்பினும் அது பொரிப்பதில்லை. மேலே ஒரு மின்சூடேற்றி. அதனருகே ஒரு விசிறி. கீழே துளையுள்ள கூடை. சூடான காற்று வேகமாகச் சுழன்று பண்டத்தின் மேற்பரப்பிலுள்ள ஈரத்தைப் போக்கிச் சிவக்கச் செய்கிறது. உண்மையில் இது ஒரு சிறிய, விரைவான அடுப்பே.

எண்ணெய் குறைகிறது என்பது மெய்யான நன்மை. ஆனால் மைதாவும் சர்க்கரையும் இட்டு அதில் சுட்டால், அவை மைதாவாகவும் சர்க்கரையாகவுமே இருக்கும். மாவுப் பண்டங்கள் 120 டிகிரி செல்சியசுக்கு மேல் சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாவதை 2002 இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். அது எண்ணெயில் மட்டுமன்றிச் சூடான காற்றிலும் உண்டாகும். ஆகவே பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும், கருஞ்சிவப்பாக விடலாகாது.

ஏர் ஃப்ரையர் இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. நம் இல்லங்களில் பணியாரச் சட்டி இருக்கிறது. குழிக்குச் சில துளி எண்ணெய் விட்டு, மூடி, மிதமான தீயில் இருபுறமும் வேகவைத்தால் இதே உருண்டை கிடைக்கும். இதற்கென்று கடன் வாங்கிச் சில ஆயிரம் ரூபாயில் ஒரு சாதனம் வாங்குவதை நாம் ஆதரிக்க மாட்டோம். ஏற்கனவே வாங்கியவர்கள் அதனை நன்கு பயன்படுத்திக்கொள்ளட்டும்.

செய்யும் முறை

தேவையானவை: பொட்டுக்கடலை மாவு 150 கிராம், முழுக்கோதுமை மாவு 125 கிராம், வறுத்துத் தோல் நீக்கிக் கொரகொரப்பாகப் பொடித்த நிலக்கடலை 50 கிராம், பரங்கி விழுது 150 கிராம், துணியில் கட்டி நீர் வடித்த தயிர் 75 கிராம், முட்டை 1, பொடித்த வெல்லம் 60 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, ஏலக்காய் அல்லது சுக்குப் பொடி சிறிது, உப்பு ஒரு சிட்டிகை, மேலே தடவ எண்ணெய் 2 தேக்கரண்டி.

கால் கிலோ பரங்கியைத் தோல் சீவி, நீரில் போடாமல் ஆவியில் வேகவைத்து, வடிதட்டில் கால் மணி நேரம் வைத்து நீர் வடியவிட்டு மசித்தால் தேவையான விழுது கிடைக்கும். இப்படி வடிப்பதில் அலட்சியம் கூடாது. விழுதில் நீர் மிகுந்தால் மாவு தளர்ந்து உருண்டை தட்டையாகிவிடும். அதைச் சரிசெய்ய மேலும் மாவு சேர்த்தால் பண்டம் கல்லாகிவிடும்.

விழுது, தயிர், முட்டை, வெல்லம் ஆகியவற்றை முதலில் கலக்கவேண்டும். மாவு வகைகளையும் பேக்கிங் பவுடரையும் தனியே சலித்துப் பின்னர் சேர்க்கவேண்டும். சப்பாத்தி மாவைப் போல் அழுத்திப் பிசையலாகாது. பிசைந்தால் கோதுமையின் பசைத்தன்மை இறுகி மென்மை கெடும். ஒன்றுசேர்ந்ததும் பத்து நிமிடம் மூடி வைத்தால் பொட்டுக்கடலை மாவு ஈரத்தை உறிஞ்சிப் பதமாகும். மாவு இன்னும் ஒட்டினால் ஒரு கரண்டி கோதுமை மாவும், வறண்டிருந்தால் ஒரு கரண்டி தயிரும் சேர்க்கலாம்.

கையில் எண்ணெய் தடவி, எலுமிச்சையினும் சிறிதாக, 25 கிராம் எடையில் உருட்டினால் 26 உருண்டைகள் வரும். சாதனத்தை முன்னதாகவே 175 டிகிரியில் மூன்று நிமிடம் சூடேற்றி, உருண்டைகளை ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி, மேலே எண்ணெய் தடவி, 8 முதல் 10 நிமிடம் வைக்கவேண்டும். பாதியில் ஒருமுறை திருப்பிவிட வேண்டும். குச்சியால் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டாமல் வருவதே பதம். நெருக்கி அடுக்கினால் காற்று சுழலாமல் பக்கங்கள் வெளுத்தே நிற்கும். ஆகையால் இரண்டு ஈடாகச் சுடுவதே நன்று. 1500 வாட் சாதனத்தில் இரண்டு ஈட்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் ஆகும்.

முட்டை உண்ணாதவர்கள் அதற்குப் பதிலாக மேலும் மூன்று கரண்டி தயிர் சேர்க்கலாம். புரதம் சற்றுக் குறையும். வே புரதத் தூளே வேண்டுமென்பவர்கள் மாவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் அதனைச் சேர்க்கலாகாது. மிகுந்தால் உருண்டை ரப்பரைப் போல் வறண்டு இறுகும். ஈரமுள்ள பண்டமாதலால் அன்றே உண்டுவிடுவது உத்தமம்.

கணக்கைப் பார்ப்போம்

கணக்கு எழுதாத எந்தக் காரியமும் நமக்கு நிறைவு தருவதில்லை. மேற்கண்ட அளவில், தோராயமாக, பொட்டுக்கடலையிலிருந்து 33 கிராம், கோதுமையிலிருந்து 13, நிலக்கடலையிலிருந்து 13, முட்டையிலிருந்து 6, தயிரிலிருந்து 5, பரங்கியிலிருந்து ஒன்றரை கிராம் என 71 கிராம் புரதம் சேருகிறது. சுட்டபின் மொத்த எடை 580 கிராம் அளவில் நிற்கும். அதாவது நூறு கிராமுக்கு 12 கிராம். நான்கு உருண்டைகளில் 11 கிராம். கொழுப்பு நூற்றுக்கு 9 அல்லது 10 பங்கு. கடை டோனட்டில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. நான்கு உருண்டைகளில் வெல்லம் 9 கிராம்.

இதே பண்டத்தைப் பொட்டுக்கடலையும் கோதுமையும் நீக்கி மைதாவில் செய்து, நிலக்கடலையையும் விட்டுவிட்டால் நூறு கிராமில் 8 கிராம் புரதம்கூடத் தேறாது. பரங்கி அதேதான், இயந்திரமும் அதேதான். குறைந்தது பருப்பு ஒன்றே.

உணவுப் பண்டங்களின் விளம்பரம் பற்றிய 2018 ஆம் ஆண்டு இந்திய விதிகளின்படி, நாட்தேவையில் நூற்றுக்கு 20 பங்கு புரதம் நூறு கிராமில் இருந்தாலன்றித் திடப்பண்டத்தைப் புரதம் மிகுந்தது என்று கூறலாகாது. 54 கிராமில் ஐந்தில் ஒரு பங்கு ஏறக்குறைய 11 கிராம். நமது உருண்டை அவ்வெல்லையைச் சற்றே தாண்டுகிறது. மைதா உருண்டை தாண்டவில்லை. வீட்டில் உண்பதற்கு இந்தத் தோராயக் கணக்கு போதும். விற்பனைக்கு வைப்பவர்களோ உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்று, பரிசோதனைக் கூடத்தில் சோதித்த பின்னரே அச்சொல்லை உறைமேல் அச்சிடவேண்டும். முழுப் பட்டென்று எழுதிக் கலப்பு நூலை விற்பவரை நாம் எவ்வாறு கருதுவோமோ, அவ்வாறே இதனையும் கருதவேண்டும்.

இரண்டு ஆட்சேபங்கள்

வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் நூறு கிராமில் 9 கிராம் புரதம் இருக்கும்போது, வேற்று நாட்டுப் பண்டம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. சுண்டல் எளிது, மலிவு; அதில் வெல்லமும் இல்லை. சுண்டலை விரும்பி உண்ணும் இல்லத்தில் இவ்வுருண்டைக்கு அவசியமில்லை என்றே கூறுவோம். ஆனால் ரொட்டிக்கடைக் கண்ணாடிப் பெட்டியை நோக்கி நிற்கும் பிள்ளையைச் சுண்டல் உபதேசத்தால் மட்டும் திருப்பிவிட இயலாது. அவன் விரும்பும் வடிவிலேயே நல்ல பொருளைத் தருவது விவேகம்.

பரங்கி விலை வீழ்ந்து வயலிலேயே கிடக்கும்போது இவ்வுருண்டை விவசாயியைக் காப்பாற்றாதா என்று வேறு சிலர் எண்ணலாம். கணக்கு அவ்வாறு கூறவில்லை. ஒரு முறை செய்வதற்குக் கால் கிலோ காய் போதும். நூறு இல்லங்களில் வாரம் ஒருமுறை செய்தாலும் 25 கிலோதான் செலவாகும். பொய்யான நம்பிக்கையூட்டி அதிக நிலத்தில் பரங்கி போடச் செய்வது விவசாயிக்குத் துரோகமாகும். காயைச் சாம்பாரிலும் கூட்டிலும் பொரியலிலும் அன்றாடம் சேர்ப்பதே அவருக்கு மெய்யான உதவி.

நமது கருத்து

2023 இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, 2021 ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு நோயுடையவர்கள் என்று மதிப்பிட்டது. நாள் முழுதும் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளர் பிற்பகலில் இனிப்புத் தேநீரும் போண்டாவும் உண்டு வேலையைத் தொடர்வதைத் தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில் நாம் காண்கிறோம். உடலே முதலாகக் கொண்ட தொழிலாளிக்கு இது சிறிய விஷயமன்று. அந்தப் போண்டாவின் இடத்தில் பருப்பு மிகுந்த நான்கு உருண்டைகளும், சர்க்கரை குறைந்த தேநீரும் வருமாயின் அது நல்ல மாற்றமே.

நான்கு என்பதை வலியுறுத்திச் சொல்கிறோம். நலம் தரும் பண்டமென்ற பெயரைக் கேட்டுப் பத்து உண்டால், வெல்லம் மட்டும் 23 கிராம் ஆகிவிடும். உணவில் கூட்டப்படும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது மேலும் நன்மை தரும் என்பது 2015 இல் உலக சுகாதார ஸ்தாபனம் கூறிய கருத்து. வெல்லமும் அக்கணக்கில் சேர்ந்ததே. நீரிழிவுள்ளவர்கள் வெல்லத்தைப் பாதியாக்க வேண்டும்; பரங்கியின் இயற்கை இனிப்பு ஓரளவு ஈடுசெய்யும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது. நிலக்கடலை ஒவ்வாதவர்கள் அதனை அறவே நீக்கிவிட வேண்டும்.

வரும் வாரச் சந்தையில் ஒரு சிறிய பரங்கியும் கால் கிலோ பொட்டுக்கடலையும் வாங்குவீர்களாக. ஏர் ஃப்ரையரோ பணியாரச் சட்டியோ, உள்ளதில் சுட்டு, வீட்டாரோடு உண்டு பாருங்கள். விதைகளை மறவாமல் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். உறைமீது அச்சிட்ட சொல்லைப் பார்த்து வாங்கும் வழக்கத்தை விட்டு, உள்ளே எவ்வளவு பருப்பு இருக்கிறது என்று கேட்டு வாங்கும் வழக்கத்தை நம் இல்லங்கள் மேற்கொள்ளுமானால், இந்த மோகம் கடந்துபோன பின்னும் அதன் பயன் நம்மிடம் நிலைத்திருக்கும்.